வெள்ளியை ரூபாயாக மாற்றும் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன மாதம் மெசெஞ்சரில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். (ஒருவர், கேட்டிருந்தார் என்றெல்லாம் எழுதுகிறேனே தவிர, எனக்கு அவன், இவன் என்றுதான் வரும். நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இருந்தாலும் அவன்தான்.) "டீச்சர், ஊருக்கே வந்துடலாமான்னு பாக்குறேன். மாசம் எவ்வளவு இருந்தா நம்ம பக்கம் குடும்பம் நடத்தலாம்?" என்று கேட்டிருந்தான்.

பேர் சொல்லாமல் இதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. முப்பதாயிரம் தாராளம் என்றார் ஒருவர். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன், "அத்தை, இங்க முடி வெட்டுறதுக்கே ரெண்டாயிரம் ரூபா" என்றான். துபாயில் இருப்பவர் வீட்டு வாடகையைச் சொல்லி அழுதார். எல்லாரும் செய்தது ஒரே வேலை. டாலரையும் வெள்ளியையும் திர்ஹத்தையும் ரூபாயாக மாற்றினார்கள், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கேட்டவனுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த முடிவெட்டும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உலக வங்கி நாடுகளின் விலைவாசியை ஒப்பிட்டு அவ்வப்போது ஒரு கணக்கு வெளியிடும். 2017-ஆம் ஆண்டுக்கான கணக்கில், அப்போது சந்தையில் ஒரு டாலருக்கு 65 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க 20 ரூபாய் 65 காசு போதும் என்று வந்தது. மூன்றில் ஒரு பங்கு விலை. காரணம் பெரிய ரகசியம் இல்லை. செல்போன் எங்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். முடி வெட்டுவதும் துணி தேய்ப்பதும் நாற்று நடுவதும்தான் இங்கே மலிவு. அதாவது மலிவாக இருப்பது பொருளைவிட ஆள். "இந்தியாவில் ராஜா மாதிரி வாழலாம்" என்று சொல்கிறவர்கள், அந்த ராஜாவுக்குத் துணி தேய்க்கிறவர் எப்படி வாழ்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெல் விளையும் ஊரில் பிறந்த நமக்கு இது தெரியாதா என்ன. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட விவகாரம் கீழ்வெண்மணியில் எங்கே போய் முடிந்தது என்பது நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25. நாற்பத்து நான்கு உயிர். அரிசி விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பத்திரிகைகளில் ஆண்டுதோறும் "உலகிலேயே செலவு அதிகமான நகரம்" என்று ஒரு பட்டியல் வரும், பார்த்திருப்பீர்கள். 2023-ல் வந்த ஒரு பட்டியலில் சிங்கப்பூரும் சூரிச்சும் சேர்ந்து முதலிடம். இந்த மாதிரிப் பட்டியல்கள், பெரிய கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குப் பயன்படுகிறவை. மன்னார்குடியிலிருந்து கட்டட வேலைக்குப் போன பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவனுக்கு வேறு கணக்குப் போட வேண்டும். போட்டுப் பார்ப்போமா? நான்காம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

பணத்தை விட்டுவிடுங்கள், நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பால் வாங்க எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும்? இங்கே ஆவின் பச்சை பாக்கெட் லிட்டர் 44 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25-ல் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 40 ரூபாய். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இனி சிங்கப்பூர். புதிதாகக் கட்டட வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு இருபது வெள்ளியைச் சுற்றித்தான் சொல்கிறார்கள். நம்மவன் இருபத்து மூன்று வயதில் போனபோது பதினெட்டு. இருபது என்றே வைப்போம். மணிக்கு இரண்டரை வெள்ளி. அங்கே கடையில் ஒரு லிட்டர் பால் மூன்று வெள்ளிக்கு மேல். ஆக, அங்கேயும் ஒரு மணி நேரத்துக்கு மேல்!

வேறு யாரும் சரிபார்க்கலாம். உலகத்துப் பணக்கார நகரங்களில் ஒன்றில் நிற்கிற நம் பிள்ளையும், வாய்க்கால் வெட்டுகிற அவன் அத்தையும், ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒரே நேரம்தான் உழைக்கிறார்கள்.

பிறகு ஏன் போகிறார்கள்? வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் இருபது வெள்ளி 1,300 ரூபாய். 319-ஐப் போல நான்கு மடங்கு. ஓவர்டைம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆனால் அந்த நான்கு மடங்கு எப்போது கைக்கு வருகிறது? பாலை அங்கே குடிக்காமல் இங்கே அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தால் வருகிறது. லாபம் முழுவதும் அவன் அங்கே குடிக்காத பாலில் இருக்கிறது. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுப்பது, விடிவதற்கு முன்பே வந்து இறங்கிய பொட்டலத்தை மத்தியானம் ஆறிப்போனபின் சாப்பிடுவது, லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போவது, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சேமிப்பு. சிங்கப்பூரில் எவ்வளவு குறைவாக வாழ்கிறானோ அவ்வளவு அதிகமாக ஊருக்கு வரும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் முடியாது. இவன் பெரிய பெண் பிறந்த செய்தியை இவனுக்கு நான்தான் போனில் சொன்னேன், அவன் மனைவிக்குச் சொல்லத் தெரியாத அழுகை.

போவதற்கு முன்பு ஏஜெண்டுக்குக் கட்டுகிற பணம், அதற்காக அடகுக்குப் போன தாலிச் சங்கிலி, அதை மீட்க ஓடிப்போகிற முதல் வருஷம், இதெல்லாம் எந்த நாட்டு விலைவாசிப் பட்டியலிலும் வராது.

சிங்கப்பூரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் மக்களை அந்த நாடு வைத்திருக்கும் விதம் அருமை. ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பெண் பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்கு வரலாம். தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் 13 இறக்கின்றன என்பது 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. இந்திய அளவில் 28. நாம் பரவாயில்லை என்று பெருமைப்படலாம், சிங்கப்பூரில் அது ஏறத்தாழ இரண்டு என்று பார்க்கும் வரை. வாழ்க்கைத் தரம் என்றால் எனக்கு முதலில் அந்த எண்தான். பளபளப்பான விமான நிலையம் பிறகு.

ஆனால் அந்தத் தரம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். அவர்களுக்கு மத்திய சேம நிதி உண்டு, முதுமைக்குச் சேரும். வொர்க் பெர்மிட்காரருக்கு அது கிடையாது. முதலாளி ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. அது நல்ல விஷயம். வேலையில் இருக்கும் வரைதான். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த நம்மவனுக்கு அங்கேயும் பென்ஷன் இல்லை, இங்கேயும் இல்லை. கையில் இருப்பது ஒரு வீடு.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடிக்கோ பட்டுக்கோட்டைக்கோ பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் பார்க்கலாம். டைல்ஸ் ஒட்டிய முகப்பு, எவர்சில்வர் கைப்பிடி, பெரிய கேட், கேட்டில் பூட்டு. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள், இப்போது எல்லா ஊரிலும் இரண்டு தெரு அப்படித்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய காலத்தில் தொடங்கிய கதை இது. இப்போது திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். போகிற நேரம் குறைந்திருக்கிறது, திரும்பி வருகிற வருஷம் குறையவில்லை.

நம்மவன் வீட்டில் கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. அவன் அம்மா இருப்பது சமையலறைக்குப் பக்கத்து அறையில். மற்றதைத் திறந்தால் பெருக்க வேண்டுமே என்று பூட்டி வைத்திருக்கிறார். மூட்டுவலி. பிரஷர், சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தை யார் என்ன குறை சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மகன் அனுப்பும் பணத்தால் வாங்க முடியாத ஒன்று வாசலுக்கு வருகிறது. மாத்திரை கொடுத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா அம்மா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள் அந்தப் பெண்.

இதனால்தான் முப்பதாயிரம் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை. யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நானும் என் வயதுக்காரர்களும். 2003 ஏப்ரலுக்கு முன்பே அரசு வேலையில் சேர்ந்தவர்கள். முதல் தேதி பென்ஷன் வந்துவிடுகிறது. நமக்கு ஊர் மலிவுதான். வருகிறவனுக்கு?

அரிசி பருப்புக்குப் பயமில்லை. ரேஷனில் 2011-லிருந்து அரிசி இலவசம், மனைவி டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்வரலாம். அவன் நம்பியிருப்பது மூன்று ஏக்கர் வயலை. "வயல் இருக்கு டீச்சர், பாத்துக்கலாம்" என்றான். 2025-26-ல் கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். நாற்பது கிலோ சிப்பம் ஆயிரம். கிலோ 25. டீக்கடையில் ஒரு டீ குடிக்க அரைக்கிலோ நெல் விற்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் கண்டால் ஐம்பதாயிரம், உழவு, நாற்று, உரம், அறுப்பு மிஷின் என்று பாதிக்கு மேல் போய்விடும். அதுவும் மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, அறுப்பு நேரத்தில் மழை பெய்யாமல் இருந்தால். 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி அவன் அப்பா வைத்த தென்னை அத்தனையும் படுத்தது. அதையும் நினைவுபடுத்தினேன்.

பயமுறுத்துவது ஆஸ்பத்திரியும் பிள்ளைகள் படிப்பும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் கைக்காசு. படிப்புக்கு என் யோசனை, அரசுப் பள்ளியில் சேர். காலைச் சாப்பாடு உண்டு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் உண்டு. இதைச் சொன்னால் எல்லாரும் போனை வைத்துவிடுகிறார்கள். அவனும் பேச்சை மாற்றினான்.

இன்னொருவனையும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவனும் என் மாணவன், அதே சிங்கப்பூர். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். "டீச்சர், இங்க வேலை பாக்குற இடத்துல என்னை யாரும் எந்தத் தெருன்னு கேட்டதில்லை. இதுக்கு உங்க கணக்குல என்ன விலை போடுவீங்க?" என்றான். ஊரில் எந்தத் தெரு அவனுக்கு என்று எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். (நம்மூர்க்காரர் நாலு பேர் ஒரு அறையில் சேர்ந்தால் அங்கேயும் கேட்பார்கள் என்று வேறொருவன் சொன்னான்.) அவனிடம் ஊருக்கு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கேள்விக்கு உலக வங்கியிடமும் விலை இல்லை.

முதலாமவனுக்கு எழுதிவிட்டேன். வா. மலிவு என்று நினைத்து வராதே. இரண்டு வருஷம் வருமானமே இல்லாமல் நான்கு பேர் சாப்பிடவும், ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பணம் ஒதுக்கிவைத்துவிட்டு வா. வயலை வருமானம் என்று எழுதாதே, வேறு வேலை ஒன்றைப் பார்த்துக்கொள். தஞ்சாவூரில் ஏசி மெக்கானிக்குக் கிராக்கி, உனக்கு அந்தக் கைத்தொழில் இருக்கிறது. பெரிய பெண் பத்தாம் வகுப்பு போவதற்குள் வா. அம்மா பூட்டி வைத்திருக்கும் அறைகளைத் திறக்க ஆள் வேண்டும் என்றும் எழுதினேன்.

"பொங்கலுக்கு வர்றேன் டீச்சர், நேர்ல பேசுவோம்" என்று பதில் வந்திருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்கள் கமெண்டில் எழுதுங்கள். சிங்கப்பூரோ, கத்தாரோ, கனடாவோ, உங்கள் ஊரில் ஒரு லிட்டர் பால் வாங்க நீங்கள் எத்தனை நிமிஷம் வேலை செய்ய வேண்டும்? அந்தப் பாலை அங்கே குடிக்கிறீர்களா? ரூபாயாக மாற்ற வேண்டாம்.