ஜோன்சன் வமிச சரித்திரம்

பெருங்குலங்கள் யாவற்றுக்கும் வமிசாவளி உண்டு. சூரிய குலத்துக்கு உண்டு. சந்திர குலத்துக்கும் உண்டு. அமெரிக்க வணிகத்திலே புகழ் நாட்டிய ஜோன்சன் குலத்துக்கு மட்டும் அஃது இல்லாதிருத்தல் பெருங்குறையன்றோ? அக்குறையை ஈண்டு நான் நீக்க முயல்கின்றேன். சான்றுகள் போதாவே என்று அன்பர்கள் அஞ்சவேண்டா. பெயர் ஒன்றாயிருக்கின்றது, நம்மவர் முறையில் சரித்திரம் எழுதுவதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

குலமுதல்வர் ஓர் ஆசிரியர். விஸ்கொன்சின் மாநிலத்து வைற்வாட்டர் ஆசிரிய கலாசாலையிற் கற்பித்த வாரன் ஜோன்சன் என்பார் அவர். குளிர்காலத்தில், அறையின் வெப்பம் எவ்வளவென்று பார்க்க ஏவலாளன் அடிக்கடி வகுப்புக்குள் நுழைவான்; பாடம் தடைப்படும். இத்தொல்லை தீர, வெப்பநிலையை உணர்ந்து கீழறைக்கு அறிவிக்கும் மின்கருவி ஒன்றை அவர் ஆக்கி, 1883 இல் அதற்கு உரிமை பெற்றார். 1885 இல் மில்வாக்கி நகரிலே அவரது நிறுவனம் தோன்றிற்று.

அறை கதகதப்பாயிற்று. இனித் தரையும் அழகாயிருக்க வேண்டுமே! மறு ஆண்டு, 1886 இல், அதே மாநிலத்து ரசீன் நகரிலே சாமுவேல் கேர்ட்டிஸ் ஜோன்சன் மரத்துண்டுகளைக் கோலமாகப் பதித்துத் தரையமைக்கும் தொழிலை வாங்கினார். அத்தரையைப் பேணுவது எவ்வாறு என்று வாங்கியோர் வினவ, மெழுகு செய்து விற்றார். மரத்தைவிட மெழுகே அவருக்குச் செல்வம் ஈட்டித் தந்தது.

மெழுகிட்ட தரையிலே பிள்ளைகள் வழுக்கி விழுவது இயல்பு. அதே 1886 இல் நியூ ஜேர்சியிலே ஜோன்சன் சகோதரர் மூவர் காயங்கட்டும் துணி செய்யத் தொடங்கினர். ஒரே ஆண்டு! இதைத் தற்செயல் என்று கூறத் துணிவார் யார்? கட்டுப்போட்ட பிள்ளையின் அழுகையைத் தணிக்க இனிப்பு வேண்டாமா? மாசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குவின்சி நகரிலே 1925 இல் கடை திறந்த ஹவார்ட் ஜோன்சன், 28 வகை ஐஸ்கிறீமுக்குப் பேர்பெற்றார். பிள்ளை 39 ஆண்டுகள் அழுதுகொண்டிருந்தது போலும்! இத்தகைய சிறு இடைவெளிகளைச் சரித்திரக்காரர் பொருட்படுத்துவதில்லை.

நிற்க. உண்மை வேறு. இந்நான்கு நிறுவனங்களும் தனித்தனியே பிறந்தவை. ஜோன்சன் என்பது ஜோனின் மகன் என்னும் பொருளுடையது. ஜோனைத் தமிழ்க் கத்தோலிக்கர் அருளப்பர் என வழங்கினர். ஆகவே இவர்கள் அனைவரும் அருளப்பர் மக்கள். 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவிலே அப்பெயர் தாங்கினோர் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இதனினும் மிகுதியாக வழங்கிய குடும்பப் பெயர் ஸ்மித் ஒன்றே.

பெயரின் போக்கு இன்னும் வேடிக்கையானது. நியூ ஜேர்சி மூவருள் ஒருவரான எட்வேர்ட் மீட் ஜோன்சன் 1897 இல் விலகிச் சென்று, பின்னர் குழந்தையுணவுக்குப் பெயர்போன வேறொரு நிறுவனத்தைத் தாபித்தார்: இரத்தம் ஒன்று, கடை வேறு. ஜோன்சன் பெயர் பொறித்த குழந்தைப் பவுடரோ 2023 இல் கென்வியூ என்னும் தனி நிறுவனத்தோடு பிரிந்து சென்றது: பெயர் ஒன்று, வீடு வேறு.

இவ்வளவும் நகைத்தற்குரியன. நகைக்கவொண்ணாத ஜோன்சன் ஒருவரும் உளர். 1942 இல் சிக்காகோவிலே பத்திரிகைத் தொழில் தொடங்கி, 1945 இல் எபொனி இதழை வெளியிட்ட ஜோன் எச். ஜோன்சன் அடிமைகளின் பேரர். ஆபிரிக்காவினின்று பற்றிக் கொணரப்பட்டோர் தம் சொந்தப் பெயர்களை இழந்தனர். அவர்தம் வழிவந்தோர் பலர் ஆங்கிலப் பெயர்களையே குடும்பப் பெயராகத் தாங்க நேர்ந்தது. மெழுகு விற்றவருக்கும் இவருக்கும் பெயர் ஒன்றுதான். ஆயினும் அப்பெயர் வந்த வழி ஒன்றாகுமா? இருவரையும் ஒரே பட்டியலிலே சேர்த்துவிட்டால், மறைந்துபோவது எளியவரின் சரித்திரமே.

நம் இலக்கிய வரலாற்றிலும் இப்பிழை புகுந்துள்ளது. அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி இயற்றிய ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நாமோ ஒரு நெல்லிக்கனியை ஊட்டி, ஒரே பாட்டியைப் பல நூற்றாண்டு நடக்க வைத்தோம். கதை இனிது, ஆனால் தனித்தனியே போற்றத்தக்க புலமைப் பெண்டிர் சிலரை அதனால் இழந்தோம்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் யான் வேண்டுவது இது. ஒரே பெயரை இரண்டிடத்திற் கண்டால், உறவு கொண்டாடுமுன் காலத்தைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், அப்பெயரை இட்டவர் யாரென்றும் கேளுங்கள். பெயரொற்றுமை ஆராய்ச்சிக்கு வாயிலாகலாம், முடிபாகாது.