பெயரிலே சமுத்திரம்

அம்பாசமுத்திரத்தின் பெயரிலே சமுத்திரம் இருக்கிறது, ஊரிலே இல்லை. கோபாலசமுத்திரம், ரவணசமுத்திரம் என்று சுற்றுவட்டாரமெங்கும் சமுத்திரங்களாயிருந்தும், அலையைப் பார்க்க வேண்டுமானால் நாம் திருச்செந்தூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே பரீட்சை முடிந்த வீடுகளில், "கடல் சூழ்ந்த ஒரு தீவிலே நாலு நாள் இருந்து வரலாமே!" என்ற யோசனை பிறப்பதில் ஆச்சரியமில்லை. மாலத்தீவு, அந்தமான், பாலி என்று பேச்சு வளரும். செலவைக் கணக்கிட்டதும் தேய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் நேயர்களுக்கு நாம் ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். பாஸ்போர்ட்டு இல்லாமல், விமானம் இல்லாமல் போகக்கூடிய தீவு ஒன்று நமக்கே இருக்கிறது. அதுதான் இராமேசுவரம்.

"அது பாட்டிமார் போகிற இடமல்லவா?" என்று இளைஞர்கள் முகம் சுளிக்கலாம். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சுவாமி தரிசனம் செய்து, ஈரத் துணியைப் பிழிந்த கையோடு ரயிலைப் பிடிப்பதே நம்மவர் வழக்கம். தீவுக்குப் போகிறோம், தீவைப் பார்ப்பதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது ஹோட்டல் விவரமல்ல, காற்றின் விவரம். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அலையடங்கிய முன்னதை மீனவர்கள் பெண் கடல் என்றும், குமுறும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் பெண் கடல் எந்நாளும் சாது என்று எண்ணிவிடலாகாது. தென்மேற்குக் காற்றின் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று புறப்பட்டதும் முறை மாறி, வட கடல் சீறும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். பொதிகையிலே மேகம் கவிந்து குற்றாலத்தில் சாரல் விழுகிறதா? அதே காற்றுத்தான் அங்கே தென் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. ஆனி, ஆடியில் அருவிக்குப் போவதே உத்தமம்.

சங்கடம் என்னவென்றால், கடலின் பஞ்சாங்கமும் பள்ளிக்கூடத்தின் பஞ்சாங்கமும் ஒத்துப்போவதில்லை. அரையாண்டு விடுமுறை வருகிற டிசம்பர் மாதம் புயலுக்கும் உரிய மாதம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில் பேரலைக்கு இரையாயிற்று. அதிலிருந்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட அந்தத் துறைமுகப் பட்டினமே அன்று அழிந்தது. ஆகவே டிசம்பரில் கிளம்புகிறவர்கள் வானிலை அறிக்கையைக் கேட்காமல் பெட்டி கட்ட வேண்டாம்.

எமது அபிப்பிராயத்தில் மாசி மாதமே சிறந்தது. சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவு சேர்த்தால் போதும். பரீட்சை முடிந்து சித்திரையில்தான் முடியுமென்றால், விடியலிலும் மாலையிலும் மட்டும் கடற்கரைக்குச் சென்று, நடுப்பகலை நிழலிலே கழிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை; மீன் சாப்பாட்டில் ஆசையுள்ளவர்கள் இதையும் கணக்கில் கொள்க.

ரயிலில் போகிறவர்கள் மதுரை வழியாகப் போகலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் கடலைக் கடப்பதே ஓர் உற்சவம். காரில் போகிறவர்களுக்குத் தூத்துக்குடி, சாயல்குடி, கீழக்கரை வழியாகச் சாலை இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பும் பேராசை மட்டும் வேண்டாம். இரண்டு இரவாவது தங்க வேண்டும். ஒரு நாளைக் கோயிலுக்கும் அக்கினி தீர்த்தத்துக்கும், மறு நாளைத் தனுஷ்கோடிக்கும் ஒதுக்கலாம். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. தாமிரபரணியில் நீந்தக் கற்றவன் எந்தத் தண்ணீரிலும் நீந்துவான் என்பது நம் பிள்ளைகளின் துணிபு. ஆறு ஒரே திசையில் இழுக்கும். இரு கரையும் கண்ணுக்குத் தெரியும். கடலோ காலடி மணலைப் பறித்துக்கொண்டே உள்ளே இழுக்கும். இரு கடலும் கூடுகிற அரிச்சல்முனையில் நின்று பார்க்கலாம், இறங்கிக் குளிக்கலாகாது. பாபநாசத்தில் படித்துறை ஏற்படுத்திய நம் முன்னோர், நீரிலே இறங்குவதற்கும் ஓர் இடம் வேண்டுமென்று அறிந்தவர்கள் அல்லவா?

தனுஷ்கோடியிலே இன்றும் குடிசை போட்டு மீனவர்கள் வாழ்கிறார்கள். இடிந்த மாதாகோயிலின் முன் படம் எடுத்துக்கொள்கிற நமக்கு அது உல்லாச இடம்; அவர்களுக்கு அது வீடு. அங்கே குப்பையைப் போடாமல், அவர்களிடம் சங்கோ கருவாடோ வாங்கிக்கொண்டு, "இன்றைக்குக் கடல் எப்படி, அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் வேண்டாம். எந்தப் பிரயாணப் புத்தகத்தையும் விட அந்தப் பதில் மேலானது.