தலையெழுத்தா? கணக்கெழுத்தா?

பாகலூர் பக்கத்து ஜனங்களிடம், "உங்கள் தெருவில் ஏன் தண்ணீர் சரியாய் வருவதில்லை? சாக்கடை ஏன் மாதக்கணக்காய் அள்ளப்படவில்லை?" என்று கேட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேர் "அது எங்கள் தலையெழுத்து" என்கிறார்கள். மீதி இரண்டு பேர் "பஞ்சாயத்தில் பணமில்லையாம்" என்கிறார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், இந்த இரண்டு பதிலும் ஒரே பதில்தான் என்பதாகும். முன்னவர் பிரம்மாவின் பெயரைச் சொல்லி மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருந்துவிடுகிறார். பின்னவர் பணத்தின் பெயரைச் சொல்லி அதே காரியத்தைச் செய்கிறார்.

பணமென்ன மழையா, பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை என்பதற்கு? பஞ்சாயத்திலோ நகரசபையிலோ பணமில்லையென்றால், கொடுக்கவேண்டியவர் கொடுக்கவில்லை. அல்லது வசூலிக்க வேண்டியவர் வசூலிக்கவில்லை. அல்லது வந்ததை வேறொன்றுக்குச் செலவழித்துவிட்டார்கள். இம்மூன்றைத் தவிர நான்காவது காரணம் கிடையாது. மூன்றுக்கும் பொறுப்பாளி மனிதனே தவிர கிரகமல்ல.

முதலாவது, கொடுக்கவேண்டியவர்கள் கதையைப் பார்ப்போம். 1992-ல் நிறைவேறி 1993-ல் அமுலுக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் பஞ்சாயத்துக்கு 29 இனங்கள், நகரசபைக்கு 18 இனங்கள் என்று அட்டவணை போட்டன. வேலைப் பட்டியலைக் கீழே அனுப்பியவர்கள் பெட்டிச் சாவியை மட்டும் மேலேயே வைத்துக்கொண்டார்கள். ஆகவே உள்ளூர்ச் சபை என்பது மாநில சர்க்கார் தன் நிகர சொந்த வரி வருமானத்தில் பங்கிட்டுத் தரும் 10 சதவீதத்தையும், மத்திய நிதிக் கமிஷன் மானியத்தையும் எதிர்பார்த்துக் கைநீட்டி நிற்கவேண்டியதாயிற்று.

கைநீட்டி நிற்பவனுக்கு நேர்வது என்ன? 14-ஆவது நிதிக் கமிஷன் 2015 முதல் 2020 வரையிலான ஐந்தாண்டுக்கு, நாடு முழுவதிலுமுள்ள உள்ளாட்சிகளுக்கு 2,87,436 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல், இட ஒதுக்கீடு பற்றிய வழக்கில் சென்னை ஹைக்கோர்ட்டால் ரத்தாயிற்று. பெரும்பாலான ஜில்லாக்களில் கிராமங்களுக்கான தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் ஆண்டவர்கள் தனி அதிகாரிகள். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லையென்று மத்திய சர்க்கார் மானியத்தை நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதவர் ஒருவர். மானியத்தை நிறுத்தியவர் மற்றொருவர். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தவளோ இந்த இரண்டு சண்டையிலும் சம்பந்தப்படாதவள். இதிலிருந்து பாடம் கற்றார்களா என்றால், கிருஷ்ணகிரி உள்பட 28 ஜில்லாக்களின் பஞ்சாயத்துகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அதிகாரிகளைத்தான் உட்கார வைத்தார்கள்.

அன்றியும், பங்கு பிரிக்கும் கணக்கே பழங்கணக்கு. 15-ஆவது நிதிக் கமிஷன் உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது ஜனத்தொகைக்கு 90 பங்கு, பரப்புக்கு 10 பங்கு என்று வைத்தது. எடுத்துக்கொண்ட ஜனத்தொகையோ 2011-ஆம் வருஷத்துத் தலைக்கணக்கு. 2021-ல் எடுக்கவேண்டிய கணக்கு அவ்வருஷம் எடுக்கப்படவேயில்லை. 2011-க்குப் பிறகு ஓசூரிலும் பாகலூர்ச் சாலையிலும் எத்தனை தொழிற்சாலைகள், எத்தனை ரோஜாத் தோட்டங்கள், எத்தனை லைன் வீடுகள்! ஓசூர் 2019-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளி இங்கே வேலை செய்கிறான், இங்கே தண்ணீர் குடிக்கிறான், இங்கே நோயாய்ப் படுக்கிறான். பழைய தலைக்கணக்கிலோ இந்த ஊரில் அவன் இல்லவே இல்லை.

நிற்க, இரண்டாவதாக வசூல் விஷயத்திற்கு வருவோம். உள்ளாட்சிக்குச் சொந்தமான வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம் முதலியவை. தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவைத் திருத்தி வைத்தது 1988-ல். மாதம் இரண்டு லட்சம் சம்பளம் வாங்கும் பெரிய உத்தியோகஸ்தரும் இதற்குமேல் ஒரு காசு கொடுக்கவேண்டியதில்லை. வீட்டு வரியை மட்டும் 2022-ல் உயர்த்தினார்கள். ஓசூர் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். சொத்து வரியை உயர்த்தினால்தான் மானியம் என்று மத்தியக் கமிஷன் நிபந்தனை போட்டதே இதற்குக் காரணமென்றும் சொன்னார்கள். பெரிய வீட்டுக்கு அதிகம், சிறிய வீட்டுக்குக் குறைவு என்பது நியாயந்தான். ஆனால் பெரிய மதிலுக்குள்ளே எத்தனை சதுர அடி இருக்கிறதென்று நாடாவைப் பிடித்து அளந்தால்தானே அந்த நியாயம் நியாயமாகும்?

இதில் நம் ஜனங்களுடைய யோக்கியதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டால், சட்டமில்லை, ரசீது இல்லை, ஜப்தி இல்லை. ஆயினும் கடன் வாங்கியாவது ஒரு வாரத்தில் கட்டிவிடுகிறார்கள். தண்ணீர்க் கட்டணம் கேட்டால் மட்டும் "வெயில் போகட்டும்" என்கிறார்கள். காணாத சாமிக்குக் கட்டுகிறவன், கண்ணெதிரே வரும் குழாய்க்குக் கட்டாமல், பிறகு குழாய் வறண்டதற்குச் சாமியிடமே முறையிடுவது எந்த ஊர் புத்தி?

மூன்றாவதுதான் மிகவும் முக்கியமானது. அது செலவு. பத்து ரூபாய் வருமிடத்தில் ஏழு ரூபாய் வந்தால், விட்டுப்போன மூன்று ரூபாய் யாருடைய மூன்று ரூபாய்? எல்லைப்புறத்துப் பஞ்சாயத்து ஒன்றின் கிராம சபையில் நாம் ஒருமுறை உட்கார்ந்திருந்தோம். எழுத்தர் வரவு செலவை வாசித்தார். அதை வாசித்தார் என்பதைவிட மந்திரம் சொன்னார் என்பதே பொருத்தம். அத்தனை வேகம், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது காலனியிலிருந்து வந்த ஓர் அம்மாள் எழுந்து, "எங்கள் மோட்டார் ரிப்பேருக்கு எத்தனை ரூபாய் எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார். ஏடு புரட்டப்பட்டது. விழாச் செலவுக்கு ஓர் இனம் இருந்தது. வரவேற்புச் செலவுக்கு ஓர் இனம் இருந்தது. காலனி மோட்டாருக்கு இனமே இல்லை. "மானியம் வரவில்லையம்மா" என்று பதில் வந்தது. அந்த அம்மாள், "வராத மானியத்தில் பந்தல் மட்டும் எப்படி வந்தது?" என்றார். பகுத்தறிவு என்பது இதுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு உப்பு மிகுதி. அது பல்லைக் கறையாக்கி எலும்பைக் கெடுக்கும். அதற்காகவே ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. திறந்துவைக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் தினந்தோறும் தொட்டியில் ஏற்றி இறக்கும் கரண்டு பில்லும், குடிநீர் வாரியத்துக்குரிய கட்டணமும் பஞ்சாயத்தின் இரண்டாம் கணக்கிலிருந்து அல்லவா போகவேண்டும்? அங்கே பணம் குறைந்தால் கடைசித் தெருவின் குழாய்தான் முதலில் நிற்கும். பிறகு அத்தெருப் பிள்ளைகள் உப்புத் தண்ணீருக்கே திரும்பவேண்டியதுதான்.

கூலியைக் குறைத்துச் சமாளிக்கலாமென்று நினைக்கிறவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரசபை, சட்டப்படியான கட்டாயச் செலவு தவிர வேறு செலவு செய்ய இயலாதென்று அறிவித்தது. பல்லாண்டாகப் பெண் ஊழியர்களுக்குச் சமக்கூலி கொடுக்காமல் பாக்கி வைத்தது ஒரு காரணம். மேல் சர்க்காரின் மானியம் 2010-க்குப் பின் சுருங்கியது மற்றொரு காரணம். அடுத்த ஆண்டே நகரவாசிகளின் வரி ஏறக்குறைய 10 சதவீதம் ஏறிற்று. எளியவன் கூலியில் இன்று மிச்சம்பிடிப்பது நாளைக்குக் கடனாக வந்து கதவைத் தட்டும். இதற்கு மாறாக, பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் ஜனங்களே கூடி எந்தப் பேட்டைக்கு எந்த வேலை முதலில் என்று தீர்மானித்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிக்கே விட்டுக் கிராமத்தாரைத் திட்டம்போடச் செய்தார்கள். அங்கேயுள்ளவர்களும் மனிதர்கள்தானே? நம்மால் மட்டும் ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். மானியம் குறைந்தால், துப்புரவுத் தொழிலாளி கூலி, குடிதண்ணீர், சாக்கடை, காலனி விளக்கு ஆகிய நான்கிலும் கைவைக்கக் கூடாது. வெட்டுவதை வளைவு, பந்தல், வரவேற்பு, வாகனம் என்று மேலிருந்து தொடங்கவேண்டும். வர வேண்டிய மானியம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பெரிய வரிபாக்கிக்காரர் யார் யார் என்பதைப் பஞ்சாயத்துச் சுவரில், இந்த எல்லையில் ஜனங்கள் பேசுகிற தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதி வைக்கவேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஒன்று மார்ச் 22-ல் வருகிறது. ஏப்ரல் முதல் தேதி புதுக் கணக்குப் பிறக்கிறது. அந்தப் பத்து நாளுக்கு முந்திய கூட்டத்தில் ஒவ்வோர் இனத்தையும் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

தோழர்களே! தலையெழுத்தை எழுதியவன் யாரென்று ஒருவரும் கண்டதில்லை. கணக்கெழுத்தை எழுதியவர் கையெழுத்தோ ஏட்டின் அடியில் இருக்கின்றது. விளங்காத கணக்கின்கீழ் உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள்.