தமிழ்ப் பட்டங்களின் பன்னாட்டு ஏற்பு: துறைகளின் கடமை

உயர்கல்வித் தகுதிகளின் ஏற்புக்கான யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை 2019இல் நிறைவேறி, 2023 மார்ச் 5இல் நடைமுறைக்கு வந்தது. கணிசமான வேறுபாட்டை மெய்ப்பித்தாலன்றி அயல்நாட்டுத் தகுதியை மறுத்தல் கூடாது என்பது அதன் அடிப்படை. மெய்ப்பிக்கும் பொறுப்பு மதிப்பிடும் அமைப்பினுடையது. போதிய விவரம் தரும் முதற்பொறுப்போ விண்ணப்பதாரருடையது. இங்குதான் தமிழ் பயின்றோர் இடர்ப்படுகின்றனர். மதிப்பெண் பட்டியலில் 'இலக்கணம்' என்று மட்டும் இருப்பின், அது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை உரைகளுடன் பயின்றதைக் குறிக்கும் என அயலார் அறியார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டமையால், அதனை முன்னரே பெற்ற எம்போன்றோர்க்கு இவ்விளக்கம் மேலும் இன்றியமையாதது. மரக்காணம் பகுதியிலுள்ள பிரம்மதேசம் போன்ற ஊர்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதனைத் தாமே திரட்டுதல் அரிது. ஆகவே பாடப்பொருள், பயிற்று நேரம், மதிப்பீட்டு முறை, ஆய்வேட்டின் அளவு ஆகியவற்றைக் கூறும் இருமொழி விளக்க இணைப்பைத் தமிழ்த்துறைகளே ஆயத்தம் செய்து பட்டத்துடன் வழங்குதல் வேண்டும்.