கப்பலில் ஒரு திண்ணை

நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர், 2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சென்னையிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதம் என்றா சொன்னோம்? கைத்தொலைபேசியில் வந்த செய்திதான். ஆயினும் "அன்புள்ள சேர்" என்று தொடங்கி "இங்ஙனம்" என்று முடிந்திருந்தமையால் அதனைக் கடிதம் என்றே கொள்வோம். சுகம் விசாரித்த பின்னர் அவர் கேட்டிருந்தது இதுதான்: உல்லாசக் கப்பலிலே சிறிய பல்கனியோடு கூடிய அறைக்காக மேலதிகப் பணம் கொடுப்பது தகுமா?

கேள்வி சிறிது, அதன் பின்னே ஒரு குடும்பமே நின்றது. அந்த ஆண்டு யூன் 5 ஆம் திகதி 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குத் தன் பயணங்களைத் தொடங்கியிருந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் தொட்டு, ஐந்து இரவுகளில் மீண்டும் சென்னை சேரும் பயணமும் அவற்றுள் ஒன்று. யூன் 16 ஆம் திகதி அக்கப்பல் முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்தபோது நம் ஊரவர் பட்ட வியப்பை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1990 முதல் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாய் அடைபட்டுக் கிடந்த கரையிலே, அடுக்குமாளிகை ஒன்று மிதந்து வந்து நின்றால் யார்தான் வியவார்?

நமது மாணவரின் தாயார் மயிலிட்டியிற் பிறந்தவர், வயது 74. 1990 இல் இடம்பெயர்ந்து, பல ஊர்களில் அலைந்து, ஈற்றில் மகனோடு சென்னை சேர்ந்தவர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல் விடுவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அந்த அம்மையாரின் காணி அப்போதும் முட்கம்பிக்கு உள்ளேயே இருந்தது. கப்பலிற் போனால் கடலில் நின்றாவது ஊரைப் பார்க்கலாம் என்பது அவருடைய ஆசை. மகன் கையிலிருந்த பணத்துக்கு, பல்கனி அறைகள் இரண்டு எடுத்தால் அவரும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் போகலாம். தாயார் வீட்டில் நிற்க வேண்டும். சாளரமில்லாத உள்ளறைகள் இரண்டு எடுத்தால் ஐவரும் போகலாம். "இதிலே கேட்பதற்கு என்ன இருக்கிறது, அம்மாவை அழைத்துப் போ" என்று உடனே எழுதிவிட நமது கை துடித்தது. ஆனால் அவர் கேட்டது அறத்தை அன்று, பல்கனியைப் பற்றி. ஆகவே அதனையே முதலில் ஆராயலானோம்.

உல்லாசக் கப்பலில் அறைகள் பொதுவாக மூவகை. கப்பலின் வயிற்றுப் பகுதியில், நாற்புறமும் சுவராக இருப்பது உள்ளறை. விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவும் அங்கே ஒன்றுதான். அடுத்தது சாளர அறை. கண்ணாடி வழியே கடல் தெரியும். காற்று வராது, ஏனெனில் அச்சாளரம் திறப்பதற்கென அமைந்தது அன்று. மூன்றாவது, கதவைத் திறந்தால் கைப்பிடிச் சுவரோடு ஒரு சிறு முகப்பு உள்ள அறை. இம்முகப்பைக் கொண்டு அரண்மனை உப்பரிகையை எவரும் கற்பனை செய்துகொள்ள வேண்டா. பெரும்பாலான கப்பல்களில் 40, 50 சதுர அடிக்கு மேற்படாது. இரண்டு கதிரைகளையும் ஒரு சிறு மேசையையும் போட்டால் இடம் நிறைந்துவிடும்.

இவ்வழக்கம் பரவியதும் அண்மைக் காலத்திலேதான். 1984 இல் இளவரசி டயானா பெயர் சூட்டிய 'ரோயல் பிரின்செஸ்' என்னும் கப்பலிலே உள்ளறை என்பதே கிடையாது. எல்லா அறைகளும் கடலை நோக்கியவை. அவற்றுட் பலவற்றுக்குத் தனிப் பல்கனியும் இருந்தது. அது கண்டு ஏனைய கப்பற்காரரும் போட்டியிட்டுப் பல்கனி கட்டினர். இன்று புதிதாய் வரும் பெருங்கப்பல்களில் அரைவாசிக்கு மேற்பட்ட அறைகள் இவ்வகையினவே. 'எம்பிரஸ்' 1990 இல் வெள்ளோட்டம் கண்ட பழைய கப்பலாதலின், அதிற் பல்கனி அறைகள் சிலவே. அருமையான பண்டத்துக்கு விலை ஏறுவது சந்தைக்கு மட்டுமா உரிய வழக்கம்?

நிற்க. கணக்குக்கு வருவோம். ஐந்து இரவுப் பயணம் என்பது 120 மணி நேரம். உறக்கத்துக்கு 40 மணி கழிப்போம். மூன்று துறைகளில், துறைக்கு எட்டு மணி வீதம் இறங்கித் திரிவதற்கு 24. இருட்டிய பின்னர் விழித்திருக்கும் நேரம் ஏறக்குறைய 17. அப்போது பல்கனியில் தெரிவது கருமை ஒன்றே. பகலிற் சாப்பாட்டு மண்டபத்திற் செல்வது 10. ஏறும்போதும் இறங்கும்போதும் வரிசையில் நிற்பதற்கும், ஆபத்துக் காலப் பயிற்சிக்கும் ஒரு 5. எஞ்சுவது 24 மணி. அதிலும் பிள்ளைகள் நீச்சற் குளத்துக்கு இழுப்பார்கள். மனைவியார் கடைகளைப் பார்க்க வேண்டும் என்பார். மத்தியானத் தூக்கம் என்னும் யாழ்ப்பாணத்துச் செல்வத்தை நாம் எங்கே போனாலும் கைவிடுவதில்லை. ஆக, ஒருவர் உண்மையிலே பல்கனியில் அமரும் நேரம் 12 மணிக்கு மேற்படாது. இரு வகை அறைகளுக்கும் உள்ள கட்டண வேறுபாட்டைப் பன்னிரண்டாற் பிரித்துப் பார்க்குமாறு மாணவருக்கு எழுதினோம். விடை அவரைச் சிறிது திடுக்கிட வைத்ததாம்.

வேறு சில செய்திகளும் உள. கப்பலின் ஆட்டம் மிகக் குறைவாய் இருப்பது கீழ்த்தட்டின் நடுப்பகுதியில்; பல்கனிகள் பெரும்பாலும் மேல்தட்டுகளில். ஆகவே தலைச்சுற்று உள்ளவருக்கு உள்ளறையில் ஒரு நன்மை உண்டு. ஆயினும் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றாட இருந்தால் அச்சுற்றுத் தணியும் என்பதும் மெய்யே. இது பல்கனிக்குச் சாதகம். சில அறைகளின் முன்னே உயிர்காப்புப் படகு தொங்கிக் கடலை மறைக்கும். பணம் கட்டும் முன் கப்பலின் வரைபடத்தைப் பார்த்தல் நன்று. கைப்பிடியிற் சேலையும் சாரமும் உலர்த்துவதைக் கப்பற்காரர் பொதுவாக அனுமதிப்பதில்லை. இதை நம்மவருக்குச் சொல்லிவைப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

இவ்வாறெல்லாம் எழுதினமையால், பல்கனியே வீண் என்பது நமது கட்சி என்று வாசகர்கள் எண்ண வேண்டா. வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குப் போகும் கப்பலை எடுத்துக்கொள்வோம். கனடாவில் வாழும் நம் பிள்ளைகள் தாய் தந்தையரை அழைத்துப் போகும் பயணங்களில் அதுவும் ஒன்று. கப்பல் தீவுகளுக்கும் மலைகளுக்கும் இடையே, கரை கண்ணுக்கு எட்டும் தூரத்திலே பல மணி நேரம் செல்லும். யூன் மாதத்தில் ஜூனோ நகரிலே பகற்பொழுது ஏறக்குறைய 18 மணி நேரம். குளிரோ மேல்தட்டில் நெடுநேரம் நிற்க விடாது. அங்கே, போர்வையைச் சுற்றிக்கொண்டு தன் வாசலிலிருந்தே பனிமலையைப் பார்ப்பதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. நோர்வேயின் கடற்கால்களுக்கும் இதுவே பொருந்தும். நம் வங்காள விரிகுடாவிலோ பெரும்பொழுது நீரும் வானுமே காட்சி. அவற்றை மேல்தட்டிலே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, எவருக்கும் மேலதிகமாய் ஒரு சதமும் கொடாமற் பார்க்கலாம்.

அன்றியும், பல்கனியைக் கப்பலின் திண்ணை என்று சிலர் புகழ்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. நம் வீட்டுத் திண்ணையில் தெருவாற் போகிறவர் வந்து குந்துவார். வெற்றிலைத் தட்டம் நகரும். ஊர்ப் புதினம் வரும். கப்பற் பல்கனிக்கும் அடுத்த பல்கனிக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. பக்கத்திற் குடியிருப்பவரின் இருமல் கேட்கும், முகம் தெரியாது. மாணவரின் தாயார் சிறுமியாய் இருந்த காலத்தில், 1964 டிசெம்பர்ப் புயலுக்கு முன்னர், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குத் தகப்பனாரோடு கப்பலேறியவர். அந்தப் பயணத்தில் அவர் நினைவில் நிற்பது கடலன்று. தட்டிலே பக்கத்தில் இருந்த அம்மையார் கொடுத்த பனங்கட்டித் துண்டுதான்.

இந்த இடத்திலேதான் நமது கணக்கு ஒரு முட்டுக்கட்டையைக் கண்டது. அந்த அம்மையாருக்கு முழங்கால் வருத்தம். காலை நாலு மணிக்கு விழித்துவிடுவார். ஞாயிறு எழும்போது கிழக்கு நோக்கிக் கைகூப்பாமல் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தார். அவரை விடிவும் இருளும் தெரியாத உள்ளறையிற் படுக்கவைத்து, மற்றவர் எழும்பும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிரு என்பதா? பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டோமே, அது மகனுடைய கணக்கு. தாயாருக்கு முப்பது மணியும் ஆகலாம். ஆகவே நாம் எழுதியது: பல்கனி அறை ஒன்று, நடைபாதைக்கு எதிர்ப்புறம் உள்ளறை ஒன்று. பல்கனி அறையில் அப்பம்மாவும் பேத்தியும். உள்ளறையில் ஏனைய மூவர். தலைக்கு ஒன்றாய் மேலதிகப் பணம் கொடாமல் ஒரு வாசலை ஐவரும் பயன்படுத்தலாம். சென்னையிற் செய்ய எண்ணியிருந்த சில கொள்வனவுகளை நிறுத்திப் பணத்தைச் சரிக்கட்டினாராம்.

எந்தப் பக்கத்து அறை என்று அடுத்த செய்தி வந்தது. இது நல்ல கேள்வி. பலர் கேட்க மறப்பது. சென்னையிலிருந்து தெற்கே போகையிற் சூரியன் இடப்புறம் உதிக்கும். திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறி, பருத்தித்துறை முனையைச் சுற்றி மேற்கே திரும்பும் கப்பலுக்கும், வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பலாலி, மயிலிட்டி என்று கரை வருவது இடப்புறத்திலேயே. ஆகவே இடப்பக்கம் என்று பதில் எழுதினோம். கப்பல் அவ்விடத்தைக் கடக்கும்போது வெளிச்சம் இருக்குமா என்பதை விசாரிக்கவும் சொன்னோம்.

பயணம் முடிந்து அவர் எழுதிய செய்தி நமது கணக்கை இரண்டாம் முறையும் குழப்பிற்று. காங்கேசன்துறை வந்த அன்று அப்பம்மா மூன்றரை மணிக்கே எழும்பி, பேத்தியையும் எழுப்பி, பல்கனியிற் குந்திவிட்டாராம். விடிந்தபோது கரை தெரிந்தது. ஆனால் நம் குடாநாடு மலையற்ற சுண்ணாம்புத் தரை அன்றோ. கடலில் நின்று பார்த்தால் ஒரு கோடும் அதன்மேற் பனைகளும் மட்டுமே. எது பலாலி, எது மயிலிட்டி என்று பேத்திக்குச் சொல்ல அவரால் இயலவில்லை. "மேலே கூட்டிக்கொண்டு போ" என்றாராம். மேல்தட்டிலே, அந்த வேளையிலும், நம் ஊர்ப் பக்கத்துச் சனம் பத்துப் பதினைந்து பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். அவர்களுள் ஊறணியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இடத்தைக் கண்டு காட்டினாராம். இருவரும் ஒரே நேரத்திற் பேசத் தொடங்கி, கப்பல் துறையிற் கட்டப்படும் வரை நிறுத்தவில்லை. கீழே, பணம் கொடுத்து வாங்கிய பல்கனிக் கதிரையில் அப்போது ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. கப்பற்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மாலையிற் கப்பல் வடக்கே புறப்பட்டபோது அவர் மேல்தட்டுக்குப் போகவில்லை. எவரையும் உடன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பல்கனியிலே தனியே இருந்தார். வெயில் இறங்கிற்று, கரை பின்னே தாழ்ந்தது, துறையின் விளக்குகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. இராச்சாப்பாட்டுக்கு மணி அடித்தும் அவர் எழவில்லை. பேத்திதான் இடியப்பமும் சொதியும் இல்லாத அந்த மண்டபத்திற் கிடைத்த சோற்றையும் தயிரையும் ஒரு கோப்பையில் இட்டுக்கொண்டு வந்து அந்தச் சிறு மேசைமேல் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாளாம்.