முரட்டு வண்டியா, குடும்ப வண்டியா?

சம்பா அறுவடைக் கணக்கு முடிந்து கையில் நாலு காசு மிஞ்சும்போதும், முகூர்த்த காலத்தில் பட்டுச் சேலைகள் நல்ல விலைக்குப் போகும்போதும், கார் வாங்கும் பேச்சு நம் அங்கத்தினர் இல்லங்களில் எழுவது இயல்பாகிவிட்டது. முன்னெல்லாம் சிறு காரோடு நின்ற ஆசை இன்று எஸ்.யு.வி. எனப்படும் உயரமான பெரிய வண்டியை நாடுகிறது. அதில் இரு வகை உண்டு. மகிந்திராவின் ‘தார்’, மாருதியின் ‘ஜிம்னி’ போன்றவை மேடு பள்ளங்களுக்கும் மலைத் தடங்களுக்கும் ஏற்ற முரட்டு வண்டிகள். ஹூண்டாயின் ‘கிரெட்டா’ போன்றவை நல்ல சாலையில் குடும்பத்தோடு செல்வதற்கு ஏற்ற வண்டிகள். கும்பகோணத்தைச் சுற்றி வாழும் நமக்கு இவற்றுள் எது உகந்தது?

இக்கேள்வி நமக்கு முற்றிலும் புதியதன்று. வசதியுள்ள வீடுகளில் முன்பு பார வண்டியும் வில் வண்டியும் தனித்தனியே இருந்தன. நெல்லும் எருவும் பார வண்டியில் சென்றன. பெண்டு பிள்ளைகள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வில் வண்டியில் சென்றார்கள். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் வாங்குவது அரிது. இன்று நம்மில் பெரும்பாலோர் ஒரே ஒரு வண்டிதான் வாங்க இயலும். ஆகவே வண்டியின் தோற்றத்தைப் பார்க்குமுன், அதற்கு நாம் இடப்போகும் வேலையைப் பார்ப்பதே முறை.

முரட்டு வண்டியின் மீது நம் மக்களுக்குள்ள மதிப்பு காரணமற்றதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென உருவான ஜீப்பின் வழி வந்தது அது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின், பாதையற்ற கிராமங்களுக்கு அதிகாரிகளைக் கொண்டு சேர்த்தது ஜீப்தான். ஆனால் ஜீப் வந்த காலத்துப் பாதை வேறு, இன்றுள்ள பாதை வேறு.

இவ்வண்டியின் தனிச்சிறப்பு நான்கு சக்கர இயக்கமாகும். எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், இரண்டு வழுக்கினாலும் மற்றவை இழுக்கும். வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தாழ்ந்த கியரும் உண்டு. எனினும் இவ்வமைப்பு வண்டியை நகர்த்த உதவுமேயன்றி நிறுத்த உதவாது. ஈரச் சாலையில் நிற்பது டயரையும் பிரேக்கையும் பொறுத்தது. மேலும், 2023 ஜனவரி முதல் ‘தார்’ வண்டி பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகையிலும் விற்கப்படுகிறது. முரட்டுத் தோற்றத்தைக் கண்டு நான்கு சக்கர இயக்கம் இருப்பதாக எண்ணிப் பணம் செலுத்திவிடலாகாது.

இனி நம் மண்ணைக் கவனிப்போம். நமது நிலம் பாறையன்று, களிமண். உழுது சேறாக்கிய வயலில் எந்தக் காரும் இறங்குவதில்லை. அது டிராக்டரின் இடம். கொடிக்காலுக்கும் களத்துக்கும் செல்லும் வாய்க்கால் கரைகளில் இரு சக்கர வண்டியே போதும். எஞ்சியிருப்பவை கிராமச் சாலைகளும் கும்பகோணத்தின் குறுகிய தெருக்களுமே. இவற்றில் வண்டியின் அடி சற்று உயர்ந்திருப்பது நன்மைதான். ஆயின் குடும்ப வண்டியாகிய கிரெட்டாவுக்கே 190 மில்லிமீட்டர் அடி உயரம் உண்டு. ‘தார்’ வண்டிக்கு 226. இடைப்பட்ட 36 மில்லிமீட்டர் நம் அன்றாடப் பிரயாணத்தில் பெரும் வேற்றுமை செய்யாது.

வெள்ளம் வந்தால் என் செய்வது என்று கேட்பார்கள். ‘தார்’ 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கவல்லது எனத் தயாரிப்பாளர் கூறுவர். ஆனால் அது ஓடும் வெள்ளத்தில் இறங்குவதற்கு உரிமைச் சீட்டன்று. இரண்டடி வேகநீர் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும் என அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வீசியபோது டெல்டாவின் தென்பகுதிச் சாலைகளை அடைத்தவை விழுந்த மரங்களும் மின்கம்பங்களுமே. அங்கே வேண்டியிருந்தது மரம் அறுக்கும் வாள், முரட்டு வண்டியன்று.

மறுபுறம் குடும்பத்தின் தேவையைப் பாருங்கள். மூன்று கதவுள்ள ‘தார்’ வண்டியில் நால்வரே அமரலாம். பின்னிருக்கைக்குச் செல்ல முன்னிருக்கையை மடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள தாயாரோ, கைக்குழந்தை ஏந்திய மருமகளோ நாள்தோறும் அவ்வாறு ஏறி இறங்குதல் எளிதன்று. நால்வர் அமர்ந்தபின் சேலைக் கட்டுகளை வைக்க இடமும் சுருங்கிவிடும். தயாரிப்பாளரே இதனை உணர்ந்து போலும், 2024 ஆகஸ்டில் ஐந்து கதவும் ஐந்து இருக்கையும் கொண்ட ‘தார் ராக்ஸ்’ வண்டியை வெளியிட்டனர்.

செலவும் கருதத் தக்கது. ஒரு கணக்குக்காக, தோற்றத்தின் பொருட்டு 4 லட்சம் ரூபாய் அதிகமாகக் கடன் பெறுவதாகக் கொள்வோம். 9 சதவிகித வட்டியில் 7 ஆண்டுத் தவணையானால் மாதம் சுமார் 6,435 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் அது ஏறக்குறைய 5 லட்சத்து 40 ஆயிரமாகும். தறி ஓடாத மாதத்திலும் தண்ணீர் வராத ஆண்டிலும் தவணை நிற்காது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலுள்ள வரி விதிப்பில், 4 மீட்டருக்கு மேற்படாமலும், எஞ்சின் பெட்ரோலானால் 1,200, டீசலானால் 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் உள்ள வண்டிக்கு 18 சதவிகிதமும், பெரிய வண்டிக்கு 40 சதவிகிதமும் வரி என்பதை மறத்தல் வேண்டா. சிறிய எஸ்.யு.வி. வரியிலும் குறைவு, நம் தெருவுக்கும் அடக்கம்.

இளைஞர்களின் ஆசையை நாம் இகழவில்லை. கொள்ளிடப் படுகையில் மழைக் காலத்திலும் நாள்தோறும் சென்று வரும் சாகுபடியாளருக்கு நான்கு சக்கர இயக்கம் மெய்யாகவே பயன்படும், அவர் வாங்கட்டும். ஏனையோருக்கு அத்தேவை ஆண்டில் சில நாட்களே. சில நாள் தேவைக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே கடன்படுவதா?

தனித்து இயலாததைக் கூடிச் செய்யவே சங்கம் ஏற்பட்டது. 1955-இல் தோன்றிய திருபுவனம் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் நமக்கு அருகிலேயே உள்ள சான்று. உறுதியான வண்டி ஒன்றைச் சங்கமே வாங்கி, உரிய பதிவும் அனுமதியும் பெற்று, அங்கத்தினருக்குக் குறைந்த வாடகையில் அளிக்கலாம். மழைக் காலத்தில் நோயாளிகளை ஏற்றவும், விதை உரம் கொண்டு செல்லவும் அது பயன்படும். இதனை அடுத்த மகாசபையில் எடுத்துப் பேசுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

வீட்டுக்கு வாங்கும் வண்டி வீட்டாருக்கு உகந்ததாக இருக்கட்டும். வாங்குமுன் வீட்டில் மூத்தவரை அழைத்துச் சென்று பின்னிருக்கையில் ஏறி அமரச் சொல்லுங்கள். அவர் சொல்லும் தீர்ப்பே சரியான தீர்ப்பு என்பது நமது துணிபு.