கழுத்தில் தொங்கும் சிற்றிதழ்

மூன்று நாள் விழா முடிந்ததும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும் ஒரு பொருளுக்காக ஆறு மாத மாலைப்பொழுதுகளைச் செலவிடுவது அறிவுடைமையா? மின்னணு பேட்ஜ்களைப் பொழுதுபோக்காக வடிவமைப்பவர்களிடம் இக்கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது. கேள்வியில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகிறோம். விடையை யோசிக்குமுன் அப்பொருளைச் சற்று அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் கூடுகிறது டெஃப்கான் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாடு. 2006-இல் அதற்கு ஜோ கிராண்ட் வடிவமைத்த பேட்ஜில் இருந்தவை ஒரு சிறு சில்லு, இரண்டு நீல எல்.இ.டி. விளக்குகள், ஒரு வட்ட பேட்டரி ஆகியவைதாம். அனுமதிச் சீட்டு கண்சிமிட்டத் தொடங்கியது. பின்னர் பங்கேற்பாளர்களே தத்தம் வீட்டு மேசைகளில் சொந்த பேட்ஜ்களைச் செய்துகொண்டு வரலாயினர். இப்பித்துக்கு 'பேட்ஜ்லைஃப்' என்ற பெயரும் வாய்த்தது.

மின்சுற்றுப் பலகை ஓவியனுக்கென்று பிறந்ததல்ல. மேற்பூச்சின் நிறம், அதனடியில் மங்கலாகத் தெரியும் தாமிரம், பூச்சு விலகிய இடத்தில் பொன்முலாம், வெள்ளை அச்சு, எதுவும் இல்லாத இடத்தில் கண்ணாடியிழையின் வெளிர்மஞ்சள். இந்த ஐந்துக்குள்தான் வரைந்தாக வேண்டும். பின்புறம் ஒரு விளக்கை வைத்தால் வெற்றிடத்தின் வழியே ஒளி கசியும். ஒரே தாமிரக்கோடு மின்சாரத்தையும் சுமக்க வேண்டும். ஆந்தையின் இறகாகவும் நிற்க வேண்டும். யாப்புக்குள் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த நெருக்கடியும் இதன் இன்பமும் விளங்கும்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். சில நூறு பிரதிகள், கைக்காசு, அச்சாகி வந்தபின் கண்ணில் படும் பிழை, கூலி கணக்கிட்டால் நட்டம். ஆயினும் அடுத்த இதழ் வந்துவிடுகிறது. 2018-இல் இம்மனிதர்கள் எஸ்.ஏ.ஓ. என்றொரு பொது இணைப்பை ஏற்றுக்கொண்டனர். மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு என அப்போது நான்கே ஊசிகள். ஒருவர் செய்த சிற்றட்டையை முன்பின் அறியாத இன்னொருவரின் பேட்ஜில் செருகலாம். காசு கொடுத்து வாங்குவோர் உண்டு. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் பண்டமாற்றே அங்கு அதிக மதிப்புடையது.

இத்தனை சொன்ன பிறகும் குப்பை குப்பைதான். பேட்டரி தீர்ந்த பேட்ஜ், சில்லும் உலோகமும் பிசினும் சேர்ந்த நஞ்சுக் கழிவு. அழகு என்ற ஒன்றைக் காட்டி இதற்கு விலக்குக் கோர நமக்கு மனம் ஒப்பவில்லை. நாம் கேட்பது ஒரே நிபந்தனை. வரைபடமும் மென்பொருளும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். விழாவுக்குப் பின்னும் அப்பொருளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

நடவாத காரியம் அன்று இது. நெதர்லாந்தில் 2017-இல் நடந்த எஸ்.எச்.ஏ. முகாமின் பேட்ஜில், மின்சாரம் நின்ற பிறகும் எழுத்து அழியாத மின்தாள் திரை இருந்தது. அதற்கென எழுதப்பட்ட மென்பொருள் பின்வந்த வேறு பேட்ஜ்களுக்கும் அடித்தளமாயிற்று. ஜெர்மனியில் 2019-இல் நடந்த கேயாஸ் முகாமின் 'கார்டு10' மணிக்கட்டில் கட்டக்கூடியது. இதயத்துடிப்பின் மின்னலைகளைப் பதிவு செய்வது. அதன் வரைபடங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. வீடு திரும்பியவர் அதற்குத் தாமே புதிய நிரல் எழுதிக்கொள்ளலாம்.

நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியை நாம் பயன்படுத்துகிறோம், வாசிக்க இயலாது. அது பசையிட்டு மூடப்பட்ட நூல். தன் கையால் கோடு வரைந்து, சால்டர் வைத்து, தவறாகத் திருப்பிப் பொருத்திய விளக்கைப் பிடுங்கி மீண்டும் பொருத்தியவருக்கு எந்தக் கருவியும் அதன்பின் முழு மர்மமாக இராது. அந்த ஆறு மாதங்களின் வரவு இதுவே. வரைபடத்தைத் தன்னோடே பூட்டி வைத்துக்கொள்ளும் பேட்ஜ், எத்தனை விளக்குகள் மின்னினாலும், ஒரு நகை மட்டுமே. நகை செய்வோரோடு நமக்குப் பகையில்லை. நம் வாழ்த்து மற்றவர்களுக்கு.